வாலாங்குளக் கரையைக் குடியும் கடையும் கலந்த பேட்டையாக்க மாநகராட்சியிடம் எதைக் கேட்பது?

சுங்கம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் சுங்கத்திற்கும் உக்கடத்திற்கும் இடையே வாலாங்குளத்தை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போரும் சிறு கடை வைத்திருப்போருமாகச் சிலர் கூடி, குளக்கரை குறித்து மாநகராட்சிக்கு ஒரு கோரிக்கை மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். 2016 ஜனவரியில் வெளியான பொலிவுறு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தின் முதல் பட்டியலில் இருந்த 20 நகரங்களில் கோவையும் ஒன்று என்பதும், அதன் பின் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், செல்வசிந்தாமணி, முத்தண்ணன் குளம், குறிச்சிக் குளம் எனப் பல குளங்களின் கரைகள் சீரமைக்கப்பட்டதும் இங்குள்ளோர் அறிந்ததே. நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் விளக்குகளும் வந்தன. வாலாங்குளத்தில் படகு விடப்பட்டது. குறிச்சிக் கரையில் தமிழ் எழுத்துகளாலேயே ஆன திருவள்ளுவர் சிலை நிற்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த கரையில் இன்று மாலை வேளைகளில் குடும்பம் குடும்பமாக நடப்பதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இருப்பினும் எங்களுக்கு ஒரு குறை தோன்றிக்கொண்டே இருக்கிறது. மாலையில் நிறையும் கரை பகல் முழுவதும் வெறிச்சோடிக் கிடக்கிறது. வருகிறவர்கள் வண்டியில் வந்து, நிறுத்தி, நடந்து, ஏதாவது தின்று, திரும்பிப் போகிறார்கள். பின்தெருவில் குடியிருக்கும் பாட்டி ஒருவர் காலையில் தானாக நடந்து கரைக்குப் போய் அமர்ந்து வர வேண்டுமென்றால் இடையே சுங்கம் பைபாஸ் சாலை நிற்கிறது. குளத்தைப் பார்த்துத் திறக்கும் வீட்டு வாசல் என்று ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரியகடை வீதியிலோ கோட்டைமேட்டிலோ ஒரு தெருவுக்குள் நுழைந்தால் மேலே வீடு, கீழே கடை, பக்கத்தில் தையல், எதிரே தேநீர் என்று எந்த நேரத்திலும் மனித நடமாட்டம் இருக்கிறதே, அந்த இயல்பு குளக்கரைக்கு வர என்ன வழி என்பதுதான் எங்கள் கேள்வி.

எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கரையிலேயே உணவகங்களும் கடைகளும் கட்டி ஏலம் விட்டால் போதும் என்கிறார்கள் சிலர். கட்டடம் என்ற பேச்சே கூடாது, நீர்நிலையை நீர்நிலையாக விடுங்கள் என்கிறார்கள் வேறு சிலர். மற்ற ஊர்களில் நீர்க்கரைகளை இவ்வாறு மாற்றியபோது எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை அறிந்தவர்கள் சொன்னால், மனுவில் எதை முதலில் வைப்பது என்று முடிவு செய்ய எங்களுக்கு உதவியாக இருக்கும்.


கோட்டைமேட்டு வரைவாளர் எழுதியது:

நான் கட்டடக் கலை படித்து, நகர வடிவமைப்புத் துறையில் வேலை செய்கிறவன். சில ஆண்டுகள் அகமதாபாத்திலும் இருந்தேன். நீங்கள் கேட்டிருப்பது சரியான கேள்வி. ஆனால் அதற்கான விடை கரையில் இல்லை, கரைக்கு எதிரே இருக்கும் தெருவில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நீர்க்கரைச் சீரமைப்பு என்றதும் இந்தியாவில் எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றங்கரை. அங்கே 2005இல் பணி தொடங்கி, 2012இல் நடைபாதை மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒவ்வொரு கரையிலும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளத்திற்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி, ஆற்றின் அகலத்தை ஏறக்குறைய 263 மீட்டர் என்று ஒரே சீராக்கி, அதனால் கிடைத்த 200 ஹெக்டேர் அளவிலான நிலத்தில் சாலையும் பூங்காவும் அமைத்தார்கள். பருவமழை தவிர்த்த காலத்தில் அந்த ஆற்றில் தெரியும் நீர் நர்மதைக் கால்வாயிலிருந்து விடப்பட்டு, வாஸ்ணா தடுப்பணையால் தேக்கி நிறுத்தப்படுவது. கரையில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் நகரின் ஓரங்களுக்கு மாற்றப்பட்டன. அது பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் நடந்தது. இவ்வளவுக்கும் பின் அங்கே எனக்குப் பட்டது இதுதான்: நடைபாதை ஆற்றுக்கு அருகே இருக்கிறது, ஊர் அதற்கு மேலே வெகு தொலைவில் இருக்கிறது. வெயில் காலப் பகலில் அந்தக் கீழ்த்தள நடைபாதையில் ஆள் இருக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கும் இடம் எதுவென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பழைய குஜரிச் சந்தைதான். நூற்றாண்டுகளாக ஆற்று மணலில் கூடி வந்த அந்தச் சந்தைக்கு 2014இல் கரையிலேயே மேடையும் மரநிழலும் அமைத்து இடம் கொடுத்தார்கள். திட்டத்தில் நான் மனமாரப் பாராட்டும் பகுதி அது ஒன்றே.

கனடாவில் வான்கூவர் நகரின் கிரான்வில் தீவு இதற்கு மறுகோடி. தொழிற்கூடங்களால் அழுக்கடைந்து கிடந்த அந்த இடத்தை 1970களில் சீரமைத்தவர்கள் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளவில்லை. தகரக் கொட்டகைகளையே வைத்துக்கொண்டு 1979இல் பொதுச் சந்தையைத் திறந்தார்கள். கலைக் கல்லூரி, படகுப் பட்டறை, நாடக அரங்கு ஆகியவற்றைப் பக்கத்திலேயே சேர்த்தார்கள். அங்கிருந்த கான்கிரீட் ஆலையை அப்படியே இயங்க விட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர் ஆலை லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். வேலை நடக்கும் இடம் என்பதால்தான் அங்கே காலையிலும் ஆள் இருக்கிறார்கள், மழை நாளிலும் இருக்கிறார்கள். நம் கரைக்கு அருகே உக்கடம் லாரிப்பேட்டையும் மீன் சந்தையும் பேருந்து நிலையமும் இருக்கின்றன. அழகுபடுத்தும் வரைபடங்களில் முதலில் மறைக்கப்படுவது இவைதான்; என்னைக் கேட்டால் உங்கள் பேட்டைக்கு முதல் மூலதனமே இவைதான்.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம் தன் பழைய துறைமுகத்தின் 157 ஹெக்டேர் பரப்பை ஹாஃபன்சிட்டி என்ற புதிய பேட்டையாக்கியபோது கையாண்ட இரண்டு விதிகள் நமக்கும் பயன்படும். ஒன்று, தரைத்தளம் ஐந்து மீட்டர் உயரத்தில் கட்டப்பட வேண்டும் என்பது. முதலில் கடைக்கு ஆள் வராவிட்டாலும், பின்னாளில் கடையாகவோ பட்டறையாகவோ மாற்றிக்கொள்ள அந்த உயரம் இடம் தரும். மற்றொன்று, நிலத்தை அதிக விலை கேட்டவருக்கு விற்காதது. அந்த இடத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்ற திட்டத்திற்கு 70 விழுக்காடு மதிப்பெண்ணும், தரும் விலைக்கு 30 விழுக்காடும் கொடுத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊரில் கடை ஏலம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதிகம் கேட்டவர் எடுத்து, அதைவிட அதிகத்துக்கு உள்வாடகை விட்டு, கடைசியில் எல்லாக் கடையிலும் ஒரே வகைத் தின்பண்டம் ஒரே விலையில் விற்கும் நிலைமைதான் மிஞ்சுகிறது.

ஆகவே கரையில் மேலும் ஒரு சிலையோ ஒளிவிளக்கு நீரூற்றோ கேட்காதீர்கள். பைபாஸ் சாலையில் வண்டிகளின் வேகம் குறைய வேண்டும்; பின்தெரு ஒவ்வொன்றின் முனையிலும் தரை மட்டத்திலேயே, படியேறி இறங்கும் பாலம் இல்லாமல், நடந்து கடக்கும் இடம் வேண்டும்; சாலையின் ஊர்ப்பக்கத்தில் குளத்தைப் பார்த்து வாசல் வைக்கும் வீடுகளுக்கும் கீழே கடை வைப்போருக்கும் கட்டட அனுமதியில் சலுகை வேண்டும். நிழல் தரும் புங்கனும் வேம்பும் வேண்டும். அழகுக்கு நடப்படும் பனைவகைகள் நம் சித்திரை வெயிலுக்கு எதற்கும் உதவாதவை.


மதகடி எழுதியது:

நான் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பாசனக் கட்டுமானங்களில்தான் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. வரைவாளர் தம்பி சொன்னவற்றில் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் ஆற்றங்கரை, துறைமுகம் ஆகியவற்றின் அனுபவத்தைக் குளத்திற்குப் பொருத்தும் முன், குளம் என்றால் என்னவென்பதை மனு எழுதுகிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

வாலாங்குளம் தனிக் குளம் அல்ல. வெள்ளிங்கிரி மலைத் தொடரிலிருந்து வரும் நொய்யலின் குறுக்கே கட்டிய அணைக்கட்டுகளிலிருந்து வாய்க்கால் பிரிந்து, குளத்திலிருந்து குளத்திற்கு உபரி நீர் இறங்கி வரும் சங்கிலியில் அது கடைசிக் கண்ணிகளில் ஒன்று. செல்வசிந்தாமணி நிறைந்தால் பெரியகுளத்துக்கு, பெரியகுளம் நிறைந்தால் வாலாங்குளத்துக்கு, அங்கிருந்து மீண்டும் நொய்யலுக்கு என்பது நீரின் பாதை. மேலே ஓரிடத்தில் பெருமழை பெய்தால் அதன் விளைவு சில மணி நேரத்தில் இங்கே தெரியும். கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) வழியாக வெளியேறும் நீருக்கும், நிறைமட்டம் வரை விரியும் நீர்ப்பரப்புக்கும் குறுக்கே எதைக் கட்டினாலும், கட்டியவரைத் தண்ணீர் கேள்வி கேட்காது, கீழே இருக்கிறவரைத்தான் கேட்கும். ஆகையால் குளத்தின் நிறைமட்டக் கோட்டுக்குள் ஒரு சென்ட் நிலம்கூடப் பேட்டைக்கு என்று கேட்கக் கூடாது. சட்டப்படியும் அது நடவாது. நீர்நிலைப் புறம்போக்கு விற்பனைக்கு உரியது அல்ல. இந்தக் குளங்களே பொதுப்பணித் துறையிடமிருந்து நீண்ட காலக் குத்தகையில்தான் மாநகராட்சியின் பராமரிப்புக்கு வந்தவை. ஊர்ப்பக்கத்தில் கட்டுங்கள் என்று தம்பி சொன்னதை நான் இந்தக் காரணத்தாலும் ஆமோதிக்கிறேன். ஹாம்பர்க்கிலும் வீடுகளையும் சாலைகளையும் மேடாக்கிவிட்டு, நடைபாதையை வெள்ளத்தில் முழுகட்டும் என்று தாழ்வாகவே விட்டிருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். நமக்கும் அதுவே முறை. நடைபாதை ஆண்டுக்கு இரண்டு நாள் முழுகினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அடுத்தது தண்ணீரின் தரம். கரையில் எவ்வளவு செலவிட்டாலும், மழைநீர் வடிகால் என்ற பெயரில் சாக்கடை குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் வரை அந்தச் செலவு நிற்காது. சாக்கடையோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் ஆகாயத்தாமரைக்கு உரம். இயந்திரம் வைத்து அதை அள்ளி எடுத்தால் சில வாரங்களில் மறுபடியும் மூடிக்கொள்கிறது. பாசி பெருகிய நீரில் பகலில் ஒளிச்சேர்க்கையால் உயிர்வளி கூடினாலும், இரவு முழுவதும் பாசியும் மட்கும் கழிவும் அதை உறிஞ்சிவிடுவதால், விடியும் நேரத்தில் உயிர்வளி மிகக் குறைந்து மீன்கள் செத்து மிதக்கின்றன. செத்த மீன் மிதக்கும் கரையில் எந்த வீட்டுக்காரர் குளத்தைப் பார்த்து வாசல் வைப்பார்? உக்கடத்திலேயே நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையம் இருக்கிறது. குளத்துக்குள் திறக்கும் ஒவ்வொரு வடிகாலையும் கணக்கெடுத்து, வறண்ட காலத்தில் அதில் ஓடும் நீரை இடைமறித்து அந்த நிலையத்திற்குத் திருப்ப வேண்டும் என்பதை மனுவின் முதல் பத்தியாக வையுங்கள். மழையே இல்லாத மாதத்தில் ஒரு வடிகால் ஓடினால் அது சாக்கடை என்று தெரிந்துகொள்ளப் பொறியியல் படிப்பு தேவையில்லை. நீங்களே பங்குனியில் ஒருமுறை கரையைச் சுற்றிவந்து குறித்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் ஆற்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1977இல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ பத்து ஆண்டுக் கெடு வைத்து, பன்றிப் பண்ணைகளையும் கழிவு வாய்களையும் அகற்றி, 1987இல் தூய்மைப் பணி முடிந்த பிறகுதான் அந்த ஆற்றின் படித்துறைகள் உணவும் கேளிக்கையுமான இடங்களாக வளர்ந்தன. அந்த வரிசையை நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.


நாமக்கோழி எழுதியது:

பறவை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று மட்டும். சிங்காநல்லூர்க் குளத்தை 2017இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தார்கள். ஆகவே எல்லாக் குளத்துக்கும் ஒரே வடிவம் வேண்டியதில்லை என்பது ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட செய்திதான். வாலாங்குளத்திலும் ஊர்ப்பக்கக் கரை பேட்டையாகட்டும். ஆனால் ஏதேனும் ஒரு கரையை நாணலோடும் சேற்றோடும், இரவில் விளக்கில்லாமலும் விட்டுவைக்கும்படி மனுவில் சேருங்கள். குளத்தைச் சுற்றிலும் வண்ண விளக்கு எரிந்தால் கூழைக்கடாவும் புள்ளிமூக்கு வாத்தும் தங்குவதற்கு இடமிருக்காது.


கீரணத்தத்திலிருந்து எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் படித்தவர்கள். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். என் மகள் தட்டச்சு செய்து தருகிறாள். நான் பிறந்ததும் வளர்ந்ததும் மணமாகிப் பிள்ளை பெற்றதும் வாலாங்குளக் கரையில்தான். கரையில் இருந்த எங்களைப் பல ஊர்களில் கட்டிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்திற்குக் கீரணத்தத்தில் வீடு கிடைத்தது.

சுங்கத்துத் தம்பி கேட்ட கேள்வியைப் படித்தபோது, பேட்டை ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்ததே என்றுதான் எனக்குத் தோன்றியது. மேலே வீடு கீழே கடை என்ற வசதி எங்களுக்கு இல்லை. வீட்டு முன்வாசலே இட்லிக் கடை, வீட்டுப் பின்புறமே வலை பின்னும் இடம். விடியும் முன் மீன் சந்தைக்குச் சுமை தூக்கப் போகிறவர்களும், ரேஸ்கோர்ஸ் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும், இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பும் ஆட்டோக்காரர்களுமாக அந்தக் கரையில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருந்தது. அதற்காக அந்த வாழ்க்கை நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் வீட்டுக்குள் சாக்கடை வரும். கழிப்பிடத்திற்கு வரிசையில் நிற்க வேண்டும். கொசுவுக்குப் பயந்து பிள்ளைகளை வலைக்குள்தான் படுக்க வைப்போம். இன்று எங்களுக்குக் கான்கிரீட் கூரை இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டுத் திரும்பக் குடிசைக்கு வர எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

போனது வேலை. சரவணம்பட்டிக்கும் அப்பால் இருந்து விடியும் முன் உக்கடத்து மீன் சந்தைக்கு வந்து சேரும் பேருந்து கிடையாது. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் காந்திபுரத்தில் இறங்கி வேறு பேருந்து பிடித்துப் போய்ச் சேர்வதற்குள், வீட்டுக்காரம்மா பக்கத்திலிருந்து வேறு ஆளை வைத்துவிட்டார். பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் ஓரளவு சமாளித்தோம். ஆனால் நேரத்துக்குக் கட்டணம் யார் தருவது? கீரணத்தத்திலும் பெரிய பெரிய கணினி நிறுவனங்கள் இருக்கின்றன, அங்கே துப்புரவு வேலைக்கு எங்கள் பெண்கள் போகிறார்கள். அதனால் பட்டினி என்று சொல்லவில்லை. ஆனால் மீன் வெட்டவும் வலை பின்னவும் பரிசல் தள்ளவும் தெரிந்த எங்கள் ஆண்களுக்கு அங்கே என்ன வேலை?

இப்போது நீங்கள் கரையைப் பேட்டையாக்கப் போகிறீர்கள் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கடைகள் யாருக்கு என்று யாருமே இன்னும் எழுதவில்லை.


கோட்டைமேட்டு வரைவாளர் எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்டது நியாயம். 70க்கு 30 என்று நான் எழுதிய விதியில், திட்டத்தின் மதிப்பெண்ணுக்குள் இதைத்தான் முதல் அளவுகோலாக வைக்க வேண்டும். அதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு தேவையில்லை. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமே நம் கையில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு நகரிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாதோர் தெரு வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் தரும் வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது. கரைக் கடைகளை ஏலத்தில் விடாமல், இந்தக் குழுவின் வழியாக, இடம் மாற்றப்பட்ட குடும்பங்களுக்கும் இப்போது கரையில் தள்ளுவண்டி வைத்திருப்போருக்கும் முன்னுரிமை அளித்து, உள்வாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒதுக்கும்படி மனுவில் தெளிவாகக் கேட்கலாம்.

வீட்டைப் பற்றியும் ஒரு சொல். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதே அதன் வழக்கமாக இருந்தது. நகர எல்லைக்கு வெளியே பெரிய குடியிருப்புகள் கட்டும் முறை பின்னால் வந்தது. உக்கடத்தில் பழைய வாரியக் குடியிருப்புகள் இருக்கும் இடங்களை மறுகட்டுமானம் செய்யும் போதெல்லாம் கூடுதல் மாடிகள் கட்டி, கீழ்த்தளத்தில் கடையும் பட்டறையும் வைத்து, சந்தை வேலைக்காரர்களுக்கு வாடகை வீடுகளாகத் தர இடமுண்டு. நீர்க்கரையை அழகாக்கினால் பின்தெருக்களில் வாடகை ஏறும் என்பது எல்லா நகரங்களிலும் கண்ட உண்மை. அந்த ஏற்றத்தில் முதலில் வெளியேறப் போகிறவர்கள் சுங்கம்வாசியின் தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள்தாம். அவர்கள் இந்த மனுவில் கையெழுத்திடும் முன் அதையும் தெரிந்துகொள்வது நல்லது.


கருங்கல்பாளையத்தார் எழுதியது:

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் காவிரியே இருக்கிறது, ஆனால் ஊர் அதற்கு முதுகைத்தான் காட்டுகிறது. ஆடிப் பதினெட்டுக்கு மட்டும் கருங்கல்பாளையத்துப் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் துணி துவைப்பவர்களும் மீன் வறுப்பவர்களும்தான். மேட்டூர் அணையிலிருந்து நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறக்கும் ஆண்டுகளில் தாழ்வான தெருக்களில் நீர் ஏறும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கரையோரத்தார் முகாம்களில் தங்கினார்கள். அதனால் மதகடி ஐயா சொன்னதை எங்கள் ஊர் முழுமையாக ஒப்புக்கொள்ளும். ஊருக்குள் ஓடும் பெரும்பள்ளம் ஓடைக்கும் பொலிவுறு நகரத் திட்டத்தில் இரு பக்கமும் சுவரும் பாதையும் வந்தன. ஆனால் ஓடையைப் பார்த்திருப்பவை பெரும்பாலும் வீடுகளின் பின்சுவர்கள்தாம்.

ஓர் ஆலோசனை. நிரந்தரக் கடைக்கு முன்னால் வாரச் சந்தையைக் கேளுங்கள். எங்கள் ஊரில் திங்கட்கிழமை இரவு தொடங்கி மறுநாள் வரை நடக்கும் ஜவுளிச் சந்தைக்கு வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். வியாழக்கிழமை மாட்டுச் சந்தை கருங்கல்பாளையத்தில் கூடுகிறது. கொங்கு நாட்டில் ஓர் இடத்தை மக்கள் மனத்தில் பதிய வைப்பது சந்தை நாள்தான். சந்தைக்குச் சமதளமும் நிழலும் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் போதும், கட்டடம் வேண்டாம். குளம் நிறைந்தால் அந்த வாரம் கூடாமல் இருந்துகொள்ளலாம். அகமதாபாத்தில் பலித்ததும் அதுதானே?


சுங்கம்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை எங்கள் குழுவில் இந்தப் பதில்களை வாசித்தோம். கரையில் கட்டடம் கட்டி ஏலம் விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த கடைக்கார நண்பர்கள் வாரச் சந்தை என்பதைக் கேட்டதும் ஓரளவு இறங்கி வந்தார்கள். ஆனால் ஊர்ப்பக்கத்து வீடுகளுக்குச் சலுகை என்றால் சொந்த வீட்டுக்காரருக்கு மட்டுமே ஆதாயம், வாடகைக்காரருக்கு என்ன என்ற கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. அது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. மனுவின் வரிசையை மாற்றியிருக்கிறோம்: முதலில் வடிகால் கணக்கெடுப்பு, அடுத்து சாலையைக் கடக்கும் இடங்கள், அதற்கடுத்து விற்பனைக் குழு வழியாகச் சந்தை. மதகடி ஐயா சொன்னபடி பங்குனியில் கரையைச் சுற்றி வடிகால்களைக் குறிக்கப் போகிறோம். ஐயாவும் உடன் வந்தால் எந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள முடியும்.

கீரணத்தத்து அக்கா, அடுத்த கூட்டத்திற்கு நீங்களும் உங்களோடு இடம் மாறிய சிலரும் வர முடியுமா? சந்தையில் யாருக்கு இடம் என்ற பத்தியை நீங்கள் இல்லாமல் எழுதுவது சரியாக இருக்காது என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள்.


மதகடி எழுதியது:

வருகிறேன் தம்பி. காலையில் வெயில் ஏறும் முன் தொடங்குங்கள். பழைய வரைபடம் இருந்தால் நல்லது; இல்லையென்றாலும் மதகும் கலங்கலும் இருக்கும் இடம் எனக்கு நினைவிருக்கிறது. அம்மணி கேட்ட கேள்வியை மனுவின் மூன்றாவது பத்திக்குத் தள்ளியிருக்கிறீர்கள். அதைச் சற்று மேலே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்.


கீரணத்தத்திலிருந்து எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வைத்தால் வருகிறோம். மற்ற நாட்களில் பெண்களுக்கு வேலை இருக்கிறது. மலுமிச்சம்பட்டிக்கு மாற்றப்பட்ட எங்கள் சொந்தக்காரர்களிடமும் சொல்கிறேன், அவர்களுக்கு உக்கடம் எங்களைவிடப் பக்கம். இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும், திரும்பும் பேருந்துக்கு இரண்டு முறை ஏற வேண்டியிருக்கிறது. சந்தையைப் பற்றி எழுதும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: கீரணத்தத்திலிருந்து உக்கடத்திற்கு நேராக, மீன் சந்தை திறக்கும் நேரத்திற்கு வந்து சேரும்படி ஒரு பேருந்து வேண்டும். அது இல்லாமல் கடை மட்டும் ஒதுக்கினால், அதை நாங்கள் எடுக்க முடியாது.